ஒரு பெரிய கண், ஒரு சின்னக் கண்

கடைக்குப் போய்ச் சாமான் வாங்குவதற்கு எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். கேட்பவர்கள் முதலில் பொறாமைப்படுவார்கள். நான் வாங்குவதெல்லாம் போலித் தேங்காயெண்ணெய், போலிப் பல்பொடி, போலி ஊதுவத்தி என்று தெரிந்ததும் பேச்சை மாற்றிவிடுவார்கள். இன்ஃபன்ட்ரி ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் நடந்த துப்பறியும் நிறுவனம் அது. முதலாளி சேஷகிரி, கலால் துறையில் ரிட்டயர் ஆனவர். எங்கள் சரக்கை எவனோ காப்பியடிக்கிறான் என்று பெரிய கம்பெனிகள் வந்து சொல்லும். நான் கூடையோடு போய் அந்தச் சரக்கில் ஒன்றை வாங்கி, பில்லும் விலாசமும் பெற்று வருவேன். அதைச் சாட்சியாக வைத்து அவர்கள் கோர்ட்டுக்குப் போவார்கள். புடவையும் கூடையுமாக வருகிற பெண்ணை எந்தக் கடைக்காரனும் சந்தேகப்படமாட்டான் என்பது சேஷகிரியின் கண்டுபிடிப்பு.

எனக்கும் அந்த வேலை பிடித்துத்தான் இருந்தது. எதைப் பார்த்தாலும் இது ஏன் இப்படி, அது ஏன் அப்படி என்று கேட்காமல் இருக்க முடியாத வியாதி எனக்கு. என்னைப் பெண் பார்க்க வந்தவரிடம் மீசையை ஏன் ஒரு பக்கம் மட்டும் கூராக வெட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். அந்த வரன் அதில்தான் தட்டிப்போனது என்று மல்லேஸ்வரத்தில் என் அம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். வரன் போனதில் எனக்கு வருத்தமில்லை. அவர் பதில் சொல்லாமல் போனதில்தான் வருத்தம்.

இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம் நவம்பரில் ஜம்புவின் ஃபைல் என்னிடம் வந்தது. ஜம்பு, சனிக்கிழமை காலையில் டிவியில் வரும் கார்ட்டூன் கீரி. தபால்காரன். அவனுக்கு ஒரு கண் பெரியது, ஒரு கண் சின்னது. அதனால் விலாசத்தை ஒழுங்காகப் படிக்க வராது. எல்லாக் கடிதத்தையும் தப்பான வீட்டில் போட்டுவிட்டு வருவான். தப்பான வீட்டுக்காரர்கள் அதைப் படித்துவிட்டுச் சரியான வீட்டுக்காரர்களைத் தேடிக்கொண்டு போவார்கள். அவ்வளவுதான் கதை. அதற்கே தெருவில் பிள்ளைகள் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரிந்தார்கள். அவனை உருவாக்கிய மும்பைக் கம்பெனி பொம்மை எதுவும் வெளியிட்டிருக்கவில்லை. ஆனால் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வந்துபோன அவர்கள் ஆள் ஒருவர், டாக்ஸி கண்ணாடியில் ஜம்பு தொங்குவதைப் பார்த்துவிட்டார். டிரைவர் பொம்மனஹள்ளிச் சந்தையில் வாங்கியதாகச் சொன்னாராம்.

கம்பெனி வக்கீல் பாலசுப்ரமணியன் புகாரை எனக்குப் படித்துக் காட்டினார். தொப்பியும் பையும் நாட்டில் எந்தத் தபால்காரனுக்கும் உண்டு, கீரி கடவுள் படைத்தது, கண்தான் எங்கள் சொத்து என்றார். 'இரு வேறு அளவுள்ள கண்கள்' என்ற வார்த்தைகளை அவர் கட்டம் கட்டிப் போட்டிருந்தார். எனக்கு நாக்கு சும்மா இருக்குமா? பள்ளிக்கூடத்தில் ஒரு குழந்தை சிலேட்டில் ஜம்புவை வரைந்தால் குற்றமா என்று கேட்டேன். இல்லை, விற்றால்தான் என்றார். பிறந்தநாள் கேக்கில் பேக்கரிக்காரர் வரைந்தால்? அது தப்புத்தான் என்றார், கொஞ்சம் யோசித்து. அப்படியென்றால் அந்தக் கேக்கை வெட்டிச் சாப்பிட்டவர்கள் சாட்சியை அழித்தவர்களா என்று கேட்டேன். அவர் ஃபைலை மூடி என் கையில் கொடுத்தார்.

பொம்மனஹள்ளியில் ஞாயிறு என்றால் கார்மென்ட்ஸ் பெண்களின் நாள். ஆறு நாள் தையல் மெஷினில் குனிந்திருந்தவர்கள் அன்றைக்குத்தான் நிமிர்ந்து நடப்பார்கள். ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே போகும் தெருவில் இரண்டு பக்கமும் தார்பாலின் விரித்துக் கடைகள். நைட்டி விற்பவளிடம் விசாரித்துக்கொண்டு போனேன். ஒரு ஃபாக்டரிச் சுவரை ஒட்டி, நீலத் தார்பாலின் மேல், கீரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பழுப்புத் துணியில் உடம்பு, காக்கித் தொப்பி, குறுக்கே தோள்பை. எல்லாம் சரியாக இருந்தது. கண் மட்டும் இல்லை. ஒரு கீரிக்குக்கூட இல்லை.

வந்த வேலை எனக்கு மறந்துபோயிற்று. அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

விற்றவள் பெயர் தமயந்தி. முப்பது வயதுகூட இருக்காது. உதட்டில் ஊசியைக் கவ்வியிருந்தாள். பக்கத்தில் ஒரு பெரிய பிஸ்கட் டப்பா நிறையப் பட்டன்கள். எனக்கு முன்னால் இருந்த ஒரு சின்னப் பெண் டப்பாவைக் கிளறி, கிளிப்பச்சையில் இரண்டு பட்டன்களை எடுத்துக் கொடுத்தாள். தமயந்தி அங்கேயே தைத்து முடித்து, ஒவ்வொரு கண்ணையும் கீரியின் முகமே கோணும்படி மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். அடுத்து வந்த ஃபாக்டரிப் பெண் மூன்று கண் வைக்கச் சொன்னாள். மூன்றாவது எதற்கு என்று நான் கேட்டேன். சூப்பர்வைசரைப் பார்க்க என்றாள்.

கண்ணை வீட்டிலேயே தைத்து எடுத்துக்கொண்டு வந்தால் வேலை சுலபமாயிற்றே என்று தமயந்தியிடம் கேட்டேன். அவள் ஊசியை எடுத்துவிட்டுச் சொன்னாள். திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து ஐந்து வருஷம் கார்மென்ட்ஸில் செக்கிங் செக்‌ஷனில் இருந்தவள். ஒரு தடவை வெளிநாட்டுக்கு அனுப்பிய குழந்தைக் கவுன்களில் ஒரே ஒரு பட்டன் கையோடு வந்துவிட்டது என்று மொத்தச் சரக்கும் திரும்பி வந்ததாம். குழந்தை அதை வாயில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மேனேஜர் கேட்ட கேள்வி அவளுக்கு மண்டையிலேயே தங்கிவிட்டது. அன்றிலிருந்து, வாங்குகிறவர் பார்க்கத் தானே இழுத்துச் சோதிக்காத பட்டன் எதையும் கொடுப்பதில்லை. இங்கே உட்கார்ந்து தைப்பது என்று ஆனபிறகு, எந்தக் கண் என்பதையும் அவர்களே சொல்லட்டுமே என்று டப்பாவை வைத்துவிட்டாள்.

"உங்க கொழந்தைக்கு என்ன வயசுக்கா?" என்று கேட்டாள். மூன்று வயதுக்குக் கீழே என்றால் பட்டன் வைக்கமாட்டாளாம். நூலிலேயே கண் தைத்துக் கொடுப்பாளாம்.

எங்கள் தொழிலில் புருஷன், மாமியார், குழந்தை எல்லோரும் தேவைக்குத் தகுந்தபடி வந்து போவார்கள். நாலு வயசு, பேர் அம்மு என்றேன். அவள் டப்பாவை என் பக்கம் தள்ளினாள்.

நான் தப்பு செய்தது அங்கேதான். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு. ஜம்புவை வாங்கிக்கொண்டு வா என்று என்னை அனுப்பியிருந்தார்கள். அங்கே ஜம்பு இல்லை, கண்ணில்லாத கீரிதான் இருந்தது. கேட்டதைக் கொண்டுபோய்க் கொடுத்தே பழகிய கை, தானாகவே டப்பாவில் துழாவி ஒரு பெரிய கோட் பட்டனையும் சட்டைக் காலருக்கு வைக்கும் ஒரு பொடிப் பட்டனையும் எடுத்தது. நான் அதைக் குற்றமாகவே நினைக்கவில்லை. ரொம்பச் சந்தோஷமாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

தமயந்திக்கும் சந்தோஷம். டிவியில் வருகிற மாதிரியே கேட்பவர்கள் குறைவு என்றாள். அவளும் அவள் மகளும் ஒரு சனிக்கிழமைகூட விடமாட்டார்களாம். மகள் கேட்டாள் என்று சிவாஜிநகரிலிருந்து ஜெயநகர் வரைக்கும் கடை கடையாகத் தேடியிருக்கிறாள்; எங்கும் கிடைக்கவில்லை. கட் பீஸ் துணியில் தானே ஒன்று தைத்தாள். பக்கத்து வீட்டில் கேட்டார்கள், ஃபாக்டரி லைனில் கூட வேலை பார்த்தவர்கள் கேட்டார்கள். போன மாதம் வேலையை விட்டுவிட்டாள். பசவனகுடியில் வருஷா வருஷம் நடக்கும் கடலைக்காய்த் திருவிழாவில், பரிஷையில், இடம் பிடித்தாயிற்று, நூற்று நாற்பது கீரிகள் தயாராகின்றன என்றாள். பரிஷை நன்றாகப் போனால் இனி ஃபாக்டரிப் பக்கம் திரும்ப வேண்டியதில்லை. போகாவிட்டால் மறுநாளே போய் மறுபடியும் செக்கிங் டேபிளில் நிற்க வேண்டியதுதான்.

பில் கேட்டேன். காலண்டர் தாளின் பின்பக்கம் 'கீரி பொம்மை 1' என்று எழுதித் தன் பெயரையும் வீட்டு விலாசத்தையும் போட்டுக் கொடுத்தாள். கண் தளர்ந்தால் கொண்டுவரச் சொன்னாள்.

ஆபீசுக்கு வந்து இதையெல்லாம் ஒரு வேடிக்கையாகச் சேஷகிரியிடம் சொன்னேன். அவர் ஃபோனில் ஒரு காதை வைத்துக்கொண்டு கேட்டார். இரண்டு நாள் கழித்து எனக்கு நீட்டிய பிரமாணப் பத்திரத்தில் எப்போதும் வரும் வாசகமே இருந்தது: அடுக்கி வைத்திருந்தவற்றில் ஒன்றை வாங்கினேன், மற்றவையும் இதே போல இருந்தன. கண்ணைப் பற்றி ஒரு வரி சேர்க்க வேண்டுமே என்றேன். டைப்பிஸ்ட் போயாச்சு, கோர்ட்டில் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்றார். கையெழுத்துப் போட்டேன்.

ஊரில் இருக்கிற கேள்வியெல்லாம் கேட்பவள் நான். ஏழு வருஷம் அந்த வேலை பார்த்தேன். நான் பொருள் வாங்கிய கடைகளுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இதை எழுதும்போது எனக்கு என்மேலேயே எரிச்சலாக இருக்கிறது.

எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே கோர்ட் ஆணை கொடுத்தது. கமிஷனர் ஒருவரை நியமித்து, அதே மாதிரிப் பொம்மைகளையும் தைக்கும் மெஷினையும் எடுத்து சீல் வைக்கச் சொன்னது. பரிஷை திங்கட்கிழமை. நாங்கள் போனது அதற்கு முந்தைய சனிக்கிழமை. கமிஷனர் கவியரசன் இளம் வக்கீல். ஆணையை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினார். பாலசுப்ரமணியன் கையில் பிளாஸ்டிக் உறைக்குள் அரக்கு முத்திரையோடு என் கீரி. சேஷகிரியும் வந்தார். வீட்டை அடையாளம் காட்ட நான்.

ஷீட் கூரை போட்ட ஒற்றை அறை. கதவைத் திறந்த தமயந்தி, வாசலில் நின்ற கான்ஸ்டபிள்களைப் பார்த்தாள், வக்கீல் கோட்டுகளைப் பார்த்தாள், உறைக்குள் இருந்த பொம்மையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நேரே என்னிடம் வந்தாள்.

"என்னாக்கா, அம்முகிட்டேர்ந்து புடுங்கிட்டாங்களா? பாப்பா அழுதுச்சா?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

கவியரசன் ஆணையை நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னார். யாரோ மும்பையில் இருக்கிறார்கள், ஜம்பு அவர்களுடையவன், அவர்களைக் கேட்காமல் விற்கக் கூடாது. அதுவரைக்கும் அவளுக்குப் புரிந்தது. டிவியில் வருபவனுக்கு ஒரு சொந்தக்காரர் இருப்பார் என்பதும் நியாயம்தான் என்பது போலத் தலையாட்டினாள். மெஷினையும் பொம்மைகளையும் எடுத்துக்கொண்டு போவார்கள் என்றதும், பரிஷை முடிந்த பிறகு வந்து எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று மட்டும் கேட்டாள்.

கவியரசன் மூட்டைகளை அவிழ்த்து எண்ணினார். நூற்று நாற்பது. ஒவ்வொன்றையும் திருப்பி முகத்தைப் பார்த்தார். பிறகு உறையிலிருந்த கீரியை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். புகாரைப் புரட்டிக் கட்டம் கட்டியிருந்த இடத்தில் விரலை வைத்தார்.

இதில் இரு வேறு அளவுள்ள கண்கள் என்று இருக்கிறதே, இங்கே எதற்கும் கண்ணே இல்லையே என்றார். தொப்பி இருக்கிறது, பை இருக்கிறது என்றார் பாலசுப்ரமணியன். தொப்பியும் பையும் எல்லாத் தபால்காரனுக்கும் பொது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள் சார் என்று கவியரசன் அடுத்த பக்கத்தைக் காட்டினார். பாலசுப்ரமணியனின் முகம் போன போக்கை வேறொரு நாளாயிருந்தால் ரசித்திருப்பேன்.

கவியரசன் தமயந்தியிடம், அப்படியானால் இந்தக் கண்களை வைத்தது யார் என்று கேட்டார்.

"வாங்கறவங்க எடுத்துக் குடுப்பாங்க சார். நான் தச்சுக் குடுப்பேன்."

இதற்கு எடுத்துக் கொடுத்தது யார் என்றார். அவள் என்னைப் பார்த்தாள். சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள்.

"சொன்னா அவங்க மேல கேஸு வருமா சார்? கொழந்த ஆசப்பட்டுச்சுன்னு வாங்கிக்கினு போனாங்க, அவ்ளோதான்."

மெஷின் போகப்போகிறது, மூட்டை போகப்போகிறது, அவள் எனக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த நிமிஷம் அங்கேயே பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது. சேஷகிரி என் முழங்கையைத் தொட்டார், பேசாதே என்கிற மாதிரி.

"நான்தான் எடுத்துக் கொடுத்தேன்," என்றேன். "பெரிய பட்டன், சின்னப் பட்டன் ரெண்டையும் தேடி எடுத்தது நான். அன்னிக்குக் கடையில எந்தப் பொம்மைக்கும் கண் கிடையாது. எனக்குக் குழந்தையும் கிடையாது. இவர் ஆபீஸ்ல வேலை பாக்கறேன். பில்லுக்காக வந்தேன்."

பிரமாணப் பத்திரத்தில் வேறு மாதிரி இருக்கிறதே என்றார் கவியரசன். அது தப்பு என்றேன். அவர் அறையிலிருந்த ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து நான் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கினார். தமயந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அதன்பின் வக்கீல்கள் வாசலில் நின்று பேசிக்கொண்டார்கள். இந்தச் சாட்சியோடு ஜட்ஜ் முன்னால் நிற்கப் பாலசுப்ரமணியனுக்கு மனமில்லை. வெறுங்கையோடு திரும்பவும் மனமில்லை. கடைசியில் ஒரு தாளில் எழுதினார்கள்: அடுத்த வாய்தா வரைக்கும் கீரியை விற்றுக்கொள்ளலாம், ஆனால் ஒரு பெரிய கண்ணும் ஒரு சின்னக் கண்ணும் வைத்துத் தைக்கக் கூடாது. கவியரசன் அதைப் படித்துக் காட்டினார். தமயந்தி ஒரு தடவை திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத் தமிழில் கையெழுத்துப் போட்டாள்.

தெருவில் இறங்கும்போது சேஷகிரி, திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பொய்ப் பிரமாணத்துக்கு உள்ளே போகாமல் தப்பித்தால் அது உன் அம்மா செய்த புண்ணியம் என்றார். அதில் அவர் பங்கு எவ்வளவு என்று கேட்க நினைத்து, கேட்காமல் பஸ் ஏறினேன்.

திங்கட்கிழமை எனக்கு வேலை வெட்டி இல்லை. பரிஷைக்குப் போனேன். நந்தி கோயிலுக்குப் போகும் புல் டெம்பிள் ரோடு முழுக்கக் கடலைக்காய்க் குவியல். கூட்டம் தோலை மிதித்துக்கொண்டே நகர்ந்தது. கோயிலுக்குத் திரும்பும் இடத்தில் மரத்தடியில் தமயந்தி உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றிக் குழந்தைகளும் அம்மாக்களும். மரத்தில் ஓர் அட்டை தொங்கியது. 'ரெண்டு கண்ணும் ஒரே அளவு' என்று தமிழிலும், கீழே யாரோ எழுதிக் கொடுத்த கன்னடத்திலும். நான் கரும்புச் சாறு வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

ஒரு பெண்மணி தன் மகளோடு வந்து, பெரிதில் ஒன்றும் சிறிதில் ஒன்றும் எடுத்து நீட்டினாள். தமயந்தி தலையாட்டி மறுத்தாள். இந்தக் கூட்டத்தில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று அந்த அம்மாள் கன்னடத்தில் கேட்டாள். எழுதிக் கொடுத்திருக்கிறேன், முடியாது என்று தமயந்தி தன் உடைந்த கன்னடத்தில் சொன்னாள். குழந்தை அழுதது. அம்மாள் பொம்மையைப் போட்டுவிட்டு நடந்தாள். சற்று நேரத்தில் நான்கைந்து கல்லூரிப் பெண்கள் வந்தார்கள். அவர்களும் ஜம்புக் கண்தான் கேட்டார்கள். அவர்களையும் அப்படியே அனுப்பினாள். ஒரு மணி நேரத்தில் நான் பார்க்கவே ஆறு பேர் வாங்காமல் போனார்கள். அங்கே வக்கீல் இல்லை, போலீஸ் இல்லை, கமிஷனர் இல்லை. இந்த வழக்கில் கையெழுத்துப் போட்டவர்களில் போட்டதற்கு உண்மையாக இருந்தவள் அவள் ஒருத்திதான்.

மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று கிட்டே போனேன். மூட்டை முக்கால்வாசி காலியாகியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அப்பாடா என்று இருந்தது.

அவள் நிமிர்ந்தாள். முகம் மாறவில்லை. அப்போதுதான் தைத்து முடித்திருந்த கீரியைத் தூக்கி, முகத்தை என் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

"நல்லாப் பாத்துக்குங்க மேடம். ரெண்டும் ஒரே அளவுதான். காலைலேர்ந்து ஒண்ணுகூட மாத்தித் தைக்கல. போயி அப்டியே சொல்லுங்க உங்க ஆபீஸ்ல."

வேலை போய்விட்டது, வேவு பார்க்க வரவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதை அவள் எதற்காக நம்ப வேண்டும்? அவளிடம் நான் சொல்லி அவள் நம்பியது ஏற்கெனவே ஒன்று இருந்தது.

"சொல்றேன்," என்றேன்.

பின்னால் நின்ற யாரோ டப்பாவுக்குக் கை நீட்டினார்கள். நான் நகர்ந்து இடம் விட்டேன்.